மூன்றாவது வாரத்துக் காபி

காவிரி டெல்டாவில், பாபநாசம் பக்கத்தில் ஒரு வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்துவிட்டால், மறுநாளிலிருந்து சாத்துக்குடிப் பைகள் வரத் தொடங்கும். ராஜகிரியிலிருந்து ஒரு சித்தப்பா, அய்யம்பேட்டையிலிருந்து ஒரு நாத்தனார், கபிஸ்தலத்திலிருந்து கூடப் படித்த தோழி. பழத்தோடு எல்லோரும் தவறாமல் கொண்டுவருவது ஓர் அறிவுரை: "தைரியமா இருக்கணும், சிரிச்ச முகமா இருக்கணும். மனசை விட்டா வியாதி ஜெயிச்சுடும்." பழம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அறிவுரை, கடைசி ஊசி போட்டு முடிகிறவரை தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

சொல்கிறவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. சிரித்தால் குணமாகும் என்றால், குணமாகாதவர்கள் சரியாகச் சிரிக்காதவர்கள் என்றாகிறது. அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், "நாமதான் மனசைத் தளர விட்டுட்டோமோ" என்று நோயாளியே தன்னைக் கூண்டில் ஏற்றிக்கொள்வார். ராத்திரியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவர், விடிந்ததும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்காகச் சிரிக்கிறார். கீமோவைத் தாங்குவது போதாதென்று இந்த வேஷத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது.

சிரிப்பு ஆயுளை நீட்டுமா என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காய்னும் குழுவினரும் 2007-ல் 'கேன்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,093 பேரைப் பின்தொடர்ந்தது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. அதற்கு முன்பே, 1999-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் கண்ட 578 பெண்களிடம் 'போராடும் குணம்' ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்த்தார்கள், கூட்டவில்லை. நம்பிக்கையை முற்றிலும் இழந்து முடங்கியவர்களின் நிலை மட்டும் சற்று மோசமாக இருந்தது. அப்படி முடங்கிப்போவதற்கு வைத்தியம் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம். 2001-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நோய் முற்றிய 235 பெண்களில் ஒரு பகுதியினர் வாரந்தோறும் கூடிப் பேசினார்கள். ஆயுள் நீளவில்லை. ஆனால் மனத் துயரம் குறைந்தது, வலியின் உறைப்பும் குறைந்தது.

இது சோர்ந்துபோக வேண்டிய செய்தி இல்லை. அழுகை வந்தால் அழலாம், கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடலாம், அதனால் கட்டி வளராது என்று தெரிவதே பெரிய நிம்மதி. அதே சமயம், சிரிப்பு மருந்தாக இருந்தால்தான் சிரிக்க வேண்டும் என்றும் இல்லை. நல்ல காபி, காலைப் பேப்பர், பிடித்த பாட்டு, திண்ணையில் கொஞ்சம் ஊர்வம்பு ஆகியவை ஒருநாள்கூட ஆயுளைக் கூட்டாவிட்டாலும் நோயாளிக்கும் வேண்டும், எல்லா மனிதருக்கும் வேண்டியிருப்பதைப் போலவே. ஆகவே அவரிடம் "சந்தோஷமா இருங்க" என்று உத்தரவு போடுவதை நிறுத்திவிட்டு, அவர் சந்தோஷமாக இருப்பதற்கு எது குறுக்கே நிற்கிறது என்று வீடும் ஊரும் ஆஸ்பத்திரியும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் குறுக்கே நிற்பவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: வாய்ப்புண், குமட்டல், வலி, பஸ்.

சிரித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து உரக்கப் பேசியவர் அமெரிக்க எழுத்தாளர் பார்பரா ஏரன்ரைக். உயிரணு அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது சுற்றிலும் நிரம்பிக் கிடந்த இளஞ்சிவப்பு ரிப்பன்களும் கரடி பொம்மைகளும் அவருக்கு எரிச்சலையே தந்தன. நோய் தன்னை நல்லவளாகவோ வலிமையானவளாகவோ ஆக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். 2009-ல் அதை ஒரு புத்தகமாகவே விரித்தார். அதன் பிரிட்டிஷ் பதிப்பின் பெயரே 'சிரி, இல்லாவிட்டால் சாவு' என்கிற பொருளில் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவர் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2022-ல் மறைந்தார்.

மறுமுனையில் நிற்பவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர், மலையாள நகைச்சுவை நடிகர் இன்னசென்ட். 2012-ல் அவருக்குத் தொண்டையில் லிம்போமா என்று கண்டறியப்பட்டது. சிகிச்சை அனுபவத்தை அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, கேன்சர் வார்டில் கேட்ட சிரிப்பைப் பற்றியது. கேரளத்தில் அது பரபரப்பாக விற்றது. மனைவி ஆலிஸுக்கும் புற்றுநோய் வந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை, அதிலும் வேடிக்கையைத் தேடினார். 2014-ல் சாலக்குடித் தொகுதியில் நின்று மக்களவைக்குப் போனார். 2023 மார்ச் 26-ல் இறந்தார். அவர் சிரித்ததால்தான் பதினொரு ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அவருக்குக் கொச்சியில் நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்து கேட்கும் வகை நோய் இருந்தது. சிரிப்பு, அவர் தொழிலாகவும் சுபாவமாகவும் வாழ்நாள் முழுக்கப் பழகியது; நோய் வந்ததும் புதிதாகக் கற்றுக்கொண்டதில்லை. வாழ்நாளெல்லாம் சிடுசிடுத்த ஒரு மிராசுதாரரை, பயாப்ஸி ரிசல்ட் வந்த மறுநாள் இன்னசென்டாக மாறச் சொல்வது நியாயமா?

அவரவர் சுகம் அவரவருக்கு. அறிஞர் அண்ணாவுக்கு அது புத்தகம். 1968 செப்டம்பரில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. படித்துக்கொண்டிருந்த மேரி கொரெல்லியின் நாவலை முடிப்பதற்காக அறுவைச் சிகிச்சையை ஒருநாள் தள்ளிப்போடச் சொன்னார் என்று மேடைதோறும் சொல்வார்கள். கதை எவ்வளவு வளர்ந்திருந்தாலும், அண்ணாவின் படிப்பு வெறியைப் பார்த்தவர்கள் அதை நம்பாமல் இருந்ததில்லை. 1969 ஜனவரியில், உடல் மிகவும் தளர்ந்திருந்த நிலையில், சென்னையில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 3-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

சாதாரணக் குடும்பங்களுக்குத் திரும்புவோம். கீமோ என்றதும் ஆறு மாதமும் படுத்த படுக்கை என்றுதான் பலர் கற்பனை செய்கிறார்கள். பெரும்பாலான கீமோக்களுக்கு ஒரு தாளக்கட்டு உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி என்றால், முதல் வாரம் குமட்டலும் அசதியும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கூட்டத்தில் போகக் கூடாது, கண்ட இடத்தில் சாப்பிடக் கூடாது. மூன்றாவது வாரத்தில் உடம்பு மெல்ல எழுந்து உட்காரும். நாக்கில் ருசி திரும்பும். முதல் வாரத்தில் வாசனையே குமட்டிய காபியை, "கொஞ்சம் டிகாக்‌ஷன் தூக்கலா போடேன்" என்று கேட்டு வாங்கிக் குடிப்பது இந்த வாரத்தில்தான். வாராவாரம் ஊசி, தினமும் மாத்திரை என்று இருப்பவர்களுக்குத் தாளம் வேறாக இருக்கும். எதுவானாலும் ஒரு நோட்டில் குறித்துவந்தால் இரண்டாவது சுற்றிலேயே நல்ல நாள் எது என்று பிடிபட்டுவிடும்.

டெல்டாக் குடும்பம் ஒன்றுக்கு இதைவிட எளிதில் புரியும் விஷயம் இல்லை. மேட்டூர் திறந்தால் எத்தனையாவது நாள் கடைமடைக்குத் தண்ணீர் வரும், நாற்று எப்போது பிடுங்குவது, சம்பா எப்போது அறுப்பது என்று நாள் எண்ணியே பழகியவர்கள். அந்தக் கணக்கை அம்மாவின் ஊசிக்கும் போடலாம். உறவுக் கல்யாணம், பேரனின் காதுகுத்து, மெலட்டூர் பாகவத மேளம், நல்ல படம் ஒன்றுக்குக் கும்பகோணம் போய்வருவது எல்லாவற்றையும் மூன்றாவது வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். பொங்கலோ தீபாவளியோ முதல் வாரத்தில் மாட்டிக்கொண்டால், ஊசியை இரண்டு மூன்று நாள் தள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. சில சிகிச்சைகளில் முடியும், சிலவற்றில் கூடாது. கரண்டு வைப்பது என்று ஊரில் சொல்லும் ரேடியேஷனில், அதிலும் கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு, நடுவில் நாள் விடுவது சிகிச்சையின் பலத்தையே குறைத்துவிடும். முடிவு டாக்டருடையது. கேட்க வேண்டியது வீட்டார் வேலை. பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

எந்த வாரமானாலும் ஒரு விதி மாறாது. கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், "காலையில பாத்துக்கலாம், ஒரு மாத்திரை போட்டுப் படு" என்பது உயிருக்கு ஆபத்தான வைத்தியம். இரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தால், இந்த ஊரில் நோயாளியின் இலையில் முதலில் கைவைப்பது விசாரிக்க வந்தவர்கள்தான். "சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி. சோத்தை நிறுத்துங்க." நெற்களஞ்சியத்தின் நடுவில், திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்குதிர் இன்னும் நிமிர்ந்து நிற்கும் ஊரில், ஒருவரைச் சோறு சாப்பிடாதே என்கிறார்கள்! உடம்பின் மற்ற அணுக்களும் சர்க்கரையை எரிக்கின்றன. சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் குறையும். நீரிழிவு உள்ளவர்களின் கணக்கு வேறு. அதை அவர்களுடைய மருத்துவர் பார்த்துக்கொள்வார். முள்சீத்தாக் கஷாயம், கோதுமைப்புல் சாறு என்று வருபவை இன்னொரு வரிசை. எதுவும் மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. மருந்தோடு மோதும் அபாயம் உண்டு. அதைவிட, ஏற்கெனவே ருசி கெட்டுப்போன வாயில் கசப்பை ஊற்றுவதில் என்ன தர்மம் இருக்கிறது?

உதவுகிறவை சமையலறையிலேயே இருக்கின்றன. கீமோவில் பலருக்கு நாக்கில் இரும்பு ருசி ஏறும். எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் ஒதுக்கிவிட்டுப் பீங்கானோ கண்ணாடியோ மரக்கரண்டியோ எடுத்தால் கொஞ்சம் மட்டுப்படும். சூடாக ஆவி பறக்கும் சாம்பாரின் வாசனை குமட்டினால், ஆறிய தயிர்சாதத்தில் வாசனை குறைவு. அன்றைக்குத் தோய்த்த தயிர், அன்றைக்கு வடித்த சாதம். வெள்ளணு குறைந்த வாரத்தில் பழைய சோற்று ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. வாயில் புண் இல்லாதவரை, ஓர் எலுமிச்சைச் சொட்டோ நாரத்தங்காய்த் துண்டோ செத்த நாக்கை எழுப்பிவிடும். புண் வந்துவிட்டால் காரமும் புளிப்பும் கூடாது. உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் ஒருநாளைக்குப் பலமுறை கொப்பளிக்க வேண்டும்.

காபியைப் பற்றி ஒரு நல்ல செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல், காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்தது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் உணவுக்குழாய்க்குக் கெடுதலாக இருக்கலாம் என்றது, அது எந்தப் பானமானாலும். கும்பகோணம் டிகிரி காபியை டபராவில் ஊற்றி நாலுமுறை ஆற்றிக் குடிக்கிற வழக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்திடமிருந்தே சான்றிதழ் வந்த மாதிரிதான்.

எல்லாச் சின்னச் சுகங்களுக்கும் இப்படிச் சான்றிதழ் கிடைக்காது. பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலை வட்டாரம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போனது. சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் செல்லப்பெட்டியைத் திறந்து, கொழுந்து வெற்றிலையின் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவுவது இந்த மண்ணின் மிகப் பழைய சுகம். வெற்றிலையின் மேல் குற்றமில்லை. அதோடு சேரும் பாக்கை, புகையிலை இல்லாமல் மென்றாலும் புற்றுநோய் உண்டாக்குவது என்று அதே ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "வந்தாச்சு, இனிமே விட்டு என்ன" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. சிகிச்சை நடக்கும்போது விட்டாலும் பலன் உண்டு: புண் சீக்கிரம் ஆறும், நோய் திரும்புவதும் இன்னொரு இடத்தில் புதிதாக முளைப்பதும் குறையும். சுகத்துக்காக வாதாடும் எவரும் இந்த ஒன்றை மட்டும் நியாயப்படுத்த முடியாது. பெட்டியில் கிராம்பும் ஏலக்காயும் இருக்கட்டும்.

இன்னொரு சங்கடம், யாரும் எழுதாதது. இந்த வட்டாரத்தில் கீமோ எடுக்கும் பெண்தான் பெரும்பாலும் அந்த வீட்டின் சமையல்காரியும். விசாரிக்க எட்டுப் பேர் வந்தால் எட்டு டம்ளர் காபியை அவரே போடுகிறார். போட முடியாமல் படுத்திருந்தால், "வந்தவங்களுக்கு ஒரு வாய் காபிகூடக் குடுக்க முடியலையே" என்று மறுகுகிறார். கை பட்டால் எரிகிற பாத்திரம் தேய்க்கும் பவுடர், வாசனை தாளாத தாளிப்பு, புகை. இந்த நிலையில் அவருடைய முகத்தில் மலர்ச்சியைத் தேடுவது அநியாயம். வருகிறவர்கள் அரைமணி நேரத்துக்கு மேல் உட்காராமல், சளி இருமல் இருந்தால் வராமல், வந்தால் டம்ளரைத் தாங்களே கழுவி வைத்துவிட்டுப் போவது சாத்துக்குடியைவிடப் பெரிய உபகாரம். அறுவடை நாளில் ஒருவர் வயலுக்கு மற்றவர் ஆள் அனுப்பிய ஊர்கள் இவை. வாரத்தில் இரண்டு வேளைச் சமையலைத் தெரு பங்குபோட்டுக்கொள்வது முடியாத காரியம் இல்லை.

முடி உதிர்வதைப் பற்றித்தான் பெண்கள் முதலில் கேட்கிறார்கள், உயிரைப் பற்றிக் கேட்பதற்கும் முன்னால். சில மருந்துகளில் உதிரும், சிலவற்றில் உதிராது; உதிர்வதானால் முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடியாகும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். டெல்டாவில் ஒரு வசதி உண்டு. சமயபுரத்துக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் முடி கொடுத்துவிட்டு வரும் பெண்களைப் பார்த்துப் பழகிய கண்கள் இவை. மொட்டைத் தலையைக் கண்டு யாரும் பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கைம்பெண்ணுக்கு மொட்டையடித்த காலத்தின் நினைவும் சில குடும்பங்களில் இன்னும் உறைந்து கிடக்கிறது. அங்கே ஒரு மாமியார் கண்ணீர் விட்டால் அதன் காரணம் மருமகளின் நோய் மட்டுமாக இருக்காது. விக் வேண்டுமா, முண்டாசு மாதிரிப் பட்டுத்துணியா, வெறுந்தலையா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும். நடிகை கௌதமி 35 வயதில் மார்பகப் புற்றுநோயைச் சந்தித்தவர். அதைப் பற்றி மறைக்காமல் பேசி, நோயாளிகளுக்காக 'லைஃப் எகெய்ன்' என்ற அமைப்பையும் தொடங்கினார். நீண்ட இடைவெளிக்குப் பின் 2015-ல் அவர் கதாநாயகியாகத் திரும்பிய படத்தின் பெயர் 'பாபநாசம்'. அது தாமிரபரணிக்கரைப் பாபநாசம்தான், காவிரிக்கரைக்கு அதில் பங்கில்லை. இருந்தாலும் நம் ஊர்ப் பேர் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது.

பாட்டு வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. 'அசோக்குமார்', 'ஹரிதாஸ்' படங்களில் எம்.கே.டி.பாகவதருக்குப் பாட்டெழுதிய சிவன், இந்த ஊர்ப் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டு பாபநாசம் சிவனானவர். கீமோ நாற்காலியில் நாலு மணி நேரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, காதில் அவர் கீர்த்தனையோ இளையராஜாவோ கானாவோ ஓடட்டும். புற்றுநோயாளிகளிடம் இசையைச் சோதித்த 81 ஆய்வுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2021-ல் வந்தது. பதற்றம் குறைகிறது, வலியும் அசதியும் குறையக்கூடும் என்றது. வீட்டுப் பிள்ளைகள் செய்ய வேண்டியது, போனில் பாட்டை ஏற்றி, சார்ஜ் போட்டு, ஒரு ஹெட்போனோடு பையில் வைப்பது.

நடையும் அப்படித்தான் ஒரு சுகம், ஆனால் இதில் கூடுதல் லாபம் உண்டு. சிகிச்சை அசதிக்கு ஓய்வைவிட நடையே நல்ல மருந்து என்பது இப்போது மருத்துவர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து. 2025-ல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வு இன்னும் ஒருபடி போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில், பயிற்சியாளர் துணையோடு மூன்றாண்டு உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 சதவீதத்தினர் ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தார்கள்; வெறும் ஆலோசனைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். சிரிப்பு செய்யாததைக் கால்கள் செய்திருக்கின்றன. பாபநாசத்தில் நடக்க இடமா இல்லை? 108 சிவாலயத்தில் லிங்கம் லிங்கமாக எண்ணிக்கொண்டு சுற்றலாம், குடமுருட்டிக் கரையில் வெயில் தாழ நடக்கலாம். வயலைப் பார்க்காமல் இருக்க முடியாத விவசாயி, செருப்புப் போட்டுக்கொண்டு வரப்போடு நின்று பயிரைப் பார்த்துவிட்டு வரலாம். சேற்றில் இறங்குவதும் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போவதும் வேண்டாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால், முதலில் குமட்டல் நிற்க வேண்டும், வலி அடங்க வேண்டும். இங்கேதான் பொறுப்பு வீட்டுத் திண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கத்துக்கும் மாறுகிறது. கீமோ என்றால் வாந்தி என்பது முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய பயம். ஒன்டான்செட்ரான் வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியது. ஒலான்ஸபின் என்ற விலை மலிவான மாத்திரையும் இப்போது சேர்ந்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தாலே வாந்தி அதே அளவு கட்டுப்படுகிறது, பகல் தூக்கமும் குறைகிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024-ல் காட்டியது. வாந்தியை வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறவரைத் தைரியசாலி என்று ஊர் மெச்சுகிறது. மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றி வாங்குகிறவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்குகிறது.

வலியில் நிலைமை இன்னும் மோசம். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், அபினி விளைகிற இந்த நாட்டிலேயே நோயாளிகளுக்கு மார்பின் என்ற வலிமருந்து கிடைப்பது அரிதாகிப்போனது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது, பயம் திருந்தவில்லை. "மார்பினா? அப்ப முடிஞ்சுதா?" என்று வீட்டார் பதறுகிறார்கள். புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுத்தால் நோயாளி அடிமையாவது மிக அரிது. வலியில்லாமல் உட்கார்ந்து பேரனோடு தாயம் ஆடுவது எப்படி முடிவாகும்? வலி தணிப்பு மருத்துவம் கடைசி நாளுக்கு உரியது என்பதே தவறான எண்ணம். 2010-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல்' வெளியிட்ட ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பாபநாசம் வட்டத்தின் உள்கிராமங்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது கேள்வி.

மனம் முடங்கிப்போவதைப் பற்றி முன்பு சொன்னது பாக்கியிருக்கிறது. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது சுபாவக் கோளாறு இல்லை. அது ஒரு நோய். மருந்தும் ஆலோசனையும் கேட்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளவியல் துறை இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் எழுப்பி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் சாந்தாவின் காலத்தில் வளர்ந்த இடம் அது. மாவட்ட மருத்துவமனைகளில் கீமோ வார்டுக்கு ஓர் ஆலோசகரையாவது நிரந்தரமாக வைப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை. அதுவரை, 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகப் பயணம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு ரயில்வே சலுகை இருக்கிறது: ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் புற்றுநோயாளிக்குப் பயணக் கட்டணம் முழுத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரேடியேஷன் எடுப்பவருக்கோ, கரண்டு வைப்பது சில நிமிடம். பாபநாசத்திலிருந்து போகவர ஐம்பது கிலோமீட்டர், காத்திருப்பது பாதி நாள். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு 25 நாள் கொடுத்த ரேடியேஷனைப் பலருக்கு 15 நாளில் முடிக்கலாம் என்று பிரிட்டனின் 'ஸ்டார்ட்' ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. சிலருக்கு ஐந்தே நாளில் முடியும் என்று 2020-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு 15 நாள் முறையின் அர்த்தமே, பத்து நாள் பஸ் பயணம் மிச்சம், பத்து நாள் மத்தியானத் தூக்கம் லாபம். ஆகவே ரேடியேஷன் தொடங்கும் முன், "குறைந்த நாள் முறை எனக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். மருத்துவமனைகளும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். வெளியூர்க்காரர்களுக்குப் பஸ், ரயில் நேரத்தைப் பார்த்து வரிசை எண் கொடுக்கலாம், அட்டையில் அடுத்த ஊசித் தேதியை எழுதும்போது, "அந்த வாரம் வீட்டில் விசேஷம் ஏதும் இருக்கா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டு எழுதலாம்.